கடல்மீன் தொட்டியின் முதல் ஆறு வாரம்

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலையில் இருக்கும் நண்பர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நன்னீர் மீன் மூன்று நான்கு வருடமாக வளர்க்கிறார்கள், கை பழகிவிட்டது. அடுத்து கடல்மீன் மேல் ஆசை. கடல் உப்பு வாங்கி, தண்ணீரில் கலந்து, மணல் போட்டு, மறுநாளே இரண்டு 'நீமோ' வாங்கி விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் தாண்டுவதில்லை. அவர்களில் ஒருவர், ஒரகடத்தில் ஓர் ஆலையின் யூட்டிலிட்டி பிரிவில் இருப்பவர், கேட்டது இப்படி: "அண்ணே, தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு. உப்பு அளவு சரியா இருக்கு. தீனியும் நல்லாத்தான் தின்னுச்சு. அப்புறம் எதுல செத்துச்சு?"

பெரும்பாலும் அமோனியாவில். அது கண்ணுக்குத் தெரியாது, தொட்டியில் இருக்கும் அளவுக்கு மூக்குக்கும் தெரியாது. மீன் தின்ற புரதத்தின் கழிவை நம்மைப் போல யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுவதில்லை. பெரும்பகுதியை அமோனியாவாகவே செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடுகிறது. கடலில் இது ஒரு பிரச்சினையே கிடையாது. 100 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள், மீன் தான் விட்ட மூச்சிலேயே மூழ்குகிறது.

இதைக் கேட்டதும் அந்தத் தம்பி, "நன்னீர்த் தொட்டியிலயும் அமோனியா வரும்ல? அங்க மட்டும் எப்படி தாங்குச்சு?" என்றார். நல்ல கேள்வி. விடை வேதியியலில் இருக்கிறது.

தண்ணீரில் அமோனியா இரண்டு வடிவத்தில் இருக்கும். மின்னேற்றம் உள்ள அம்மோனியம் அயனி செவுளுக்குள் அவ்வளவு சுலபமாகப் போகாது. மின்னேற்றம் இல்லாத அமோனியா நேராக உள்ளே போகும், அதுதான் விஷம். எது எவ்வளவு என்பதை பிஎச்சும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7 உள்ள நன்னீரில், 30 டிகிரி வெயில்காலத் தொட்டியில், மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருக்க வேண்டும். அங்கே அதே 30 டிகிரியில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு விஷ வடிவம். அதாவது டெஸ்ட் கிட் இரண்டு தொட்டியிலும் ஒரே எண்ணைக் காட்டினாலும், கடல்மீனுக்கு அது பத்து மடங்கு கொடியது. நன்னீர்த் தொட்டியில் நாம் கவனிக்காமலேயே தப்பித்து வந்த அலட்சியம் இங்கே செல்லுபடியாகாது.

போதாக்குறைக்கு ஆக்ஸிஜனும் குறைவு. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் வைத்திருக்கும்; கடல்நீர் 6.2 அளவுதான். இன்னொன்று, கடல்மீன் தண்ணீர் குடிக்கும். அதன் ரத்தத்தின் உப்புச்செறிவு சுற்றியிருக்கும் கடலில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. நம் ஊர்க் கருவாட்டுக்கு உப்பு போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதே சமாசாரம் உயிரோடு இருக்கும்போதே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈடுகட்ட அது கடல்நீரையே குடித்து, கூடுதல் உப்பைச் செவுளில் உள்ள தனிச் செல்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. நாள் முழுக்க ஓடும் ஒரு டிசலினேஷன் பிளான்ட் அது, நெம்மேலியில் இருப்பதுபோல. செவுளை அமோனியா அரித்தால் மூச்சு மட்டும் போகாது, அந்த பிளான்ட்டும் நின்றுவிடும்.

ஆலைக்குள் இருக்கும் தொட்டி

யூட்டிலிட்டி பிரிவுக்காரருக்கு இதைப் புரியவைப்பது எனக்கு எளிதாக இருந்தது. காரணம், அவர் தினமும் பார்க்கிற எஸ்டிபி. இந்த வழித்தடத்தில் கேன்டீனும் கழிப்பறையும் உள்ள எந்தப் பெரிய ஆலையிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கும். அதில் ஏரேஷன் டேங்க், அதற்குள் ப்ளோயர் தள்ளும் காற்று, பழுப்பு நிறத்தில் கொதிக்கிற மாதிரி கலங்கும் நீர். அழுக்கைத் தின்பது எந்திரம் இல்லை, அந்தப் பழுப்பில் வாழும் நுண்ணுயிர்கள். புது எஸ்டிபியை ஓட்ட ஆரம்பிக்கும்போது என்ன செய்கிறார்கள்? மாட்டுச்சாணம் கரைத்து ஊற்றுவார்கள், அல்லது ஏற்கெனவே ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் சேறு கொண்டுவந்து போடுவார்கள். பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். முதல் நாளே முழு லோடு கொடுக்க எந்த ஆபரேட்டரும் சம்மதிக்க மாட்டார்.

மீன்தொட்டியும் அதுதான். ஒரு வகை நுண்ணுயிர் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை தண்ணீரில் மிதப்பதைவிட மணல், கல், ஃபில்டர் பஞ்சு என்று பரப்புகளில் ஒட்டி வாழ்பவை. ஆகவே "நல்ல தண்ணீர்" என்று ஒன்றை வாங்கிவந்து ஊற்ற முடியாது; பரப்புகள் பழுக்க வேண்டும்.

இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் நெடுங்காலம் மீன்தொட்டிப் புத்தகங்கள் எழுதின. 1998இல் டிமதி ஹோவனெக்கும் அவர் குழுவினரும் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டிகளின் ஃபில்டர்களில் மரபணு வழியாகத் தேடியபோது, அங்கே வேலை செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிந்தது. பிறகு 2015இல், இரண்டு வேலையையும் தானே செய்கிற நைட்ரோஸ்பைராவே இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒன்று கிடைத்தது மீன்வளர்ப்பு ஃபில்டர் ஒன்றிலிருந்து. கடையில் விற்கும் பாக்டீரியா பாட்டில்களில் சில ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்: தவறான ஆளை வேலைக்கு அனுப்பினால் வேலை நடக்காது.

இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு, மந்தம். சாப்பாட்டில் கெட்டுப்போக வைக்கிற பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். நைட்ரஜன் தின்பவை நல்ல சூழலிலேயே அரை நாள், ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். ஆறு வாரம் என்று தலைப்பில் எழுதியது இதற்காகத்தான். நம் ஊர் வெப்பத்தில் நான்கிலேயே முடியலாம். ஆனால் நாள்காட்டியை நம்பாதீர்கள், டெஸ்ட் கிட்டை நம்புங்கள்.

செய்முறை எளிது. மீன் இல்லாத தொட்டியில் அமோனியாவை நாமே போடுவது. பழைய முறை, ஒரு உரித்த இறாலைப் போட்டு அழுக விடுவது. வேலை செய்யும், வாடகை வீட்டில் பக்கத்து போர்ஷன்காரர் மன்னிப்பாரா என்பது வேறு விஷயம். சுத்தமான முறை அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் அடுப்பில் வைத்துத் தேய்க்கும்போது வெள்ளைப் புகை வருமே, அந்த நவச்சாரம்தான் இது. ஆனால் நாட்டுமருந்துக் கடை நவச்சாரத்தில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆய்வகத் தரத்தில் சிறு பொட்டலம் வாங்குங்கள். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். அவ்வளவு போதும், கூடப் போட்டால் நுண்ணுயிருக்கே ஆகாது.

பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். முதலில் எதுவும் நடக்காது. இரண்டாம் வாரத்தில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். நைட்ரைட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். நன்னீர் மீனுக்குத்தான் அது பெரிய விஷம். கடல்நீரில் இருக்கும் ஏராளமான குளோரைடு, செவுளில் அதே வாசலில் நின்று நைட்ரைட்டை உள்ளே விடாமல் நெருக்கித் தள்ளுகிறது. ஆனாலும் அது இறங்கும்வரை காத்திருப்போம். இரண்டாவது கூட்டம் வேலைக்கு வந்துவிட்டதற்கு அதுவே அத்தாட்சி. நடுவில் மணல் மேல் பழுப்பாய் ஒரு பாசி படரும். பார்க்க அசிங்கமாக இருக்கும், தொட்டியே கெட்டுப்போனதென்று தோன்றும். அது டயாட்டம் பாசி; தண்ணீரிலும் மணலிலும் இருக்கும் சிலிக்காவைத் தின்று தீர்ந்ததும் தானாகவே மறையும். கடைசியில் ஒரு நாள், 2 மில்லிகிராம் அமோனியா போட்டால் அடுத்த நாள் அதே நேரத்தில் அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டும். அன்றைக்குத் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனுக்குப் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. இதைச் சொன்னதும் அந்தத் தம்பி, "அப்ப நம்ம எஸ்டிபி சேறையே ஒரு டப்பா எடுத்துட்டு வந்து போட்றவா?" என்றார். வேண்டாம். அது நன்னீர்க் கூட்டம், உப்பில் பெரும்பாலும் செத்துவிடும். கூடவே வரும் கிருமிகள் உங்கள் வரவேற்பறைக்கு வேண்டாதவை. ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் நம்பகமான ஒருவரிடம் ஒரு கைப்பிடி ஃபில்டர் மீடியா கேட்டு வாங்குவதுதான் சரியான சாணக்கரைசல்.

தண்ணீரும் உப்பும்

1909இல் சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன்காட்சியகம் திறந்தார்கள். அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. அதற்குப் பிறகு, 2019இல் ஈசிஆரில் விஜிபி சுரங்கப்பாதைக் காட்சியகம் வந்தது. இரண்டுமே கடலோரம். கடல் பக்கத்தில் இருந்தால் கெட்ட தண்ணீரைத் தள்ளி நல்ல தண்ணீரை இழுத்துக்கொள்ளலாம். ஒரகடத்திலிருந்து கோவளம், வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாகப் போனால், நாற்பது ஐம்பது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை கேன்களோடு போய்க் கடல்நீர் எடுத்துவரலாமா என்று கேட்கிறார்கள்.

எடுக்கலாம், நான் பரிந்துரைப்பதில்லை. கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடையும் படகு எண்ணெயும் உண்டு. அதோடு, வங்காள விரிகுடாவில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு விசித்திரம்: கங்கையும் மற்ற வடக்கத்திய ஆறுகளும் கொட்டிய நன்னீரைக் கரையோர நீரோட்டம் தெற்கே நம் பக்கம் இழுத்துவருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கடலின் மேல்மட்டம் கோடைக்காலத்தைவிட நன்றாகவே உப்புக் குறைந்திருக்கும். அதில் அடிக்கடி மாற்றினால் தொட்டி ஊஞ்சலாடும்.

அப்படிப் போகிற வழியில், கேளம்பாக்கம் - கோவளம் பக்கத்தில் உப்பளங்கள் தெரியும். "கடல்நீரை வற்ற வைத்ததுதானே கல்லுப்பு? அதைத் திரும்பக் கரைத்தால் கடல்நீர் வந்துவிடாதா?" இந்த ஐயம் எனக்குப் பிடித்தமானது, தர்க்கம் சரி, உப்பளத்தின் வேலைதான் தெரியவில்லை. ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு. அதில் குளோரைடு 19 கிராமுக்கு மேல், சோடியம் 10.8, சல்ஃபேட் 2.7, மெக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4. பாத்தியில் நீர் வற்றும்போது இவை ஒன்றாக உறைவதில்லை. முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் படிகின்றன. கொள்ளளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியபிறகுதான் சாப்பாட்டு உப்பு பூக்கும். அதை வாரி எடுத்துவிட்டு, மெக்னீசியமும் பொட்டாசியமும் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். வடிக்காவிட்டால் உப்பு கசக்கும். ஆக, கல்லுப்பு என்பது கடலிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நீக்கிய மிச்சம். உப்பளத்தின் திறமையே அந்தப் பிரித்தலில்தான்.

அதனால் செயற்கைக் கடல் உப்புதான் வழி. இது புதிய யோசனையும் அல்ல. மீன்தொட்டிக்கு அக்வேரியம் என்ற பெயரைப் பரப்பிய பிலிப் கோஸ் 1854இலேயே லண்டனில் உப்புகளை அளந்து கலந்து கடல்நீர் செய்து பார்த்தார். லண்டனும் கடலோரம் இல்லையே.

கலக்கும் தண்ணீர்? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போர்த் தண்ணீரில் சாயங்காலம் கெட்டில் வைத்தால் காலையில் வெள்ளைப் படிவம் தெரியும். லாரித் தண்ணீர் எந்த ஊர்க் கிணறு என்று யாருக்கும் தெரியாது. இங்கே நமக்கு வாய்த்த வசதி, 20 லிட்டர் கேன் தண்ணீர். அது ஆர்ஓவில் வடித்தது. பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள், எண் சிறியதாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். வீட்டு ஆர்ஓ எந்திரத்தில் சுவைக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் திருகு இருக்கும், அதைக் கவனியுங்கள். 100 லிட்டருக்கு ஐந்து கேன், ஏறத்தாழ 3.7 கிலோ உப்பு. தண்ணீரை முதலில் ஊற்றி, உப்பைச் சிறிது சிறிதாகத் தூவி, பம்ப் போட்டு ஒரு நாள் கலக்க விடுங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் கரையாது. செறிவை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் பொய் சொல்லும்.

வற்றுவது தண்ணீர், உப்பு அல்ல

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் 40 டிகிரியைத் தொடும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தொட்டித் தண்ணீர் 32ஐத் தாண்டிவிடும். சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் ஒரு சிறு விசிறியை நீர்ப்பரப்பின் மேல் சாய்த்து வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானைத் தத்துவம்தான். கடற்கரையோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அங்கே இது அவ்வளவாகப் பலிக்காது. மே மாத வறண்ட மேல்காற்று வீசும் ஒரகடத்தில் நன்றாகவே பலிக்கும். கடலிலிருந்து தள்ளி இருப்பதில் நமக்குக் கிடைத்த ஒரே லாபம்.

ஆனால் விசிறி வைத்த தொட்டி ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர்கூட இழக்கும். போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஐந்து நாள் கழித்து வருகிறீர்கள் என்றால், 100 லிட்டரில் 10 லிட்டர் போயிருக்கும். 35 இருந்த உப்பு 39க்குப் பக்கத்தில் நிற்கும். குறைந்ததைப் பார்த்ததும் உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் உண்டு, அப்போது இன்னும் ஏறும். வற்றியதற்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத கேன் தண்ணீர். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினம் அந்தக் கோட்டுக்கு ஊற்றி வாருங்கள். சிறிய தொட்டி சுலபம் என்று 30 லிட்டரில் ஆரம்பிப்பது ஏன் கூடாது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 100 லிட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

கண்ணாடி பற்றி ஒரு செய்தி, தேவையில்லாதது, ஆனாலும் சொல்கிறேன். உருகிய கண்ணாடியை உருகிய ஈயத்தகரத்தின் மேல் மிதக்கவிட்டுத் தட்டையாக்கும் ஃப்ளோட் முறையில் செயின்ட் கோபெய்ன் ஆலை 2000இலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்கிறது. உங்கள் தொட்டி கிளம்பிய இடம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கலாம்.

மின்சாரம் அடுத்த தலைவலி. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை நீளும், நீங்கள் ஷிஃப்ட்டில் இருப்பீர்கள். 30 டிகிரியில் 100 லிட்டர் கடல்நீரில் இருக்கும் ஆக்ஸிஜன் மொத்தமே அரை கிராமுக்குச் சற்று மேல். மீனும் கோடிக்கணக்கான நுண்ணுயிரும் அதைப் பங்கு போடுகின்றன. பேட்டரியில் தானாக ஓட ஆரம்பிக்கும் ஏர் பம்ப் ஒன்று எல்லா அலங்காரத்துக்கும் முன்னால் வாங்க வேண்டியது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால் அதற்குள் இருப்பவை மூச்சுமுட்டி அழுகத் தொடங்கியிருக்கும். கரண்ட் வந்ததும் அந்தத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். முதலில் அதைத் திறந்து கொட்டிவிட்டு ஓட விடுங்கள்.

பிளக், ஸ்டாண்டு விஷயத்தில் இந்த வழித்தடத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. வண்டி உதிரிபாகங்களை 35 டிகிரியில் 5 சதவீத உப்புப் புகைக்குள் வைத்துத் துருவை அளக்கும் சால்ட் ஸ்ப்ரே சோதனையைப் பார்த்தவர்கள்தானே. உங்கள் தொட்டி அதைக் கொஞ்சம் நீர்த்த அளவில் இரவும் பகலும் நடத்துகிறது. மூடி விளிம்பில் உப்புப் பூக்கும், வயரைப் பிடித்து ஊர்ந்து வரும். வயர் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறும்படி விடுங்கள். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்காதீர்கள்.

எந்த மீன், எங்கிருந்து

கொளத்தூர் சந்தை பெரிது, ஆனால் அங்கே பெரும்பாலானது நன்னீர். கடல்மீன் கடைகள் கொஞ்சம்தான். போனால் முதலில் கேட்க வேண்டியது, குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்பது. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையங்கள் கோமாளி மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அப்படிப் பிறந்த மீன் பிறந்ததிலிருந்தே கண்ணாடியையும் உலர்தீனியையும் பார்த்தது. கடலில் பிடிபட்டது இரண்டையும் புதிதாகக் கற்க வேண்டும். கடைக்காரரிடம் தயங்காமல், "கொஞ்சம் தீனி போடுங்கண்ணே, பார்க்கிறேன்" என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஒரு ஜோடி கோமாளி மீன், 100 லிட்டருக்கு அது போதும். எல்லாமே ஆணாகவே வளரும். இரண்டில் அதிகாரம் செலுத்துவது பெரிதாகிப் பெண்ணாகிவிடும். சிறியதும் பெரியதுமாக இரண்டு வாங்கினால் அந்தச் சண்டை சீக்கிரம் முடியும். கடல் சாமந்தி இல்லாமலும் நன்றாக வாழும். 'டோரி' என்று கேட்கிறார்கள். அது ஓர் அடிக்கு வளரும் மீன், இந்தத் தொட்டியில் அதை விடுவது மாட்டு வண்டிக்குள் குதிரை ஓடவிடுவது. தொட்டியைப் பழக்க என்று டாம்சல் மீனை முதலில் விடச் சொல்லும் பழைய வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது அமோனியாவைத் தாங்கிக்கொண்டு பிழைத்துவிட்டால், தொட்டி முழுவதும் தனக்கே என்று பிற்பாடு வரும் எதையும் கடித்து விரட்டும்.

பவளக் கல்லோ, உயிர்ப்பாறையோ யாராவது மன்னார் வளைகுடாச் சரக்கு என்று தந்தால் வாங்காதீர்கள். பவளங்கள் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடற்குதிரையும் அப்படியே. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. சட்டத்தை விடுங்கள்: சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி அங்கே 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே போய்விட்டன. நுண்ணுயிர் ஒட்டி வாழ நுண்துளை உள்ள பீங்கான் கல் தாராளமாகப் போதும்.

கொண்டுவரும் பையைப் பற்றி. கடைகளில் உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியை அடக்கவும் செறிவைக் குறைத்தே வைப்பார்கள். மீனுக்கு உப்புக் குறைவதைவிட உப்பு ஏறுவது கடினம். கடை நீரின் செறிவைக் கேட்டு, தனித்தொட்டியை அந்த அளவிலேயே வைத்துக் காத்திருங்கள். பிறகு பல நாளில் மெதுவாக ஏற்றலாம். பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முறை, தூரப் பயணத்துக்குப் பிறகு ஆபத்து. மூடிய பையில் மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு பிஎச்சைக் கீழே இறக்கி, சேர்ந்த அமோனியாவை விஷமில்லாத வடிவில் வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும், மேலே சொன்ன கணக்கு திரும்பும். வெப்பநிலை சமமாகும்வரை மூடியே மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் மாற்றுங்கள், பைத் தண்ணீர் வேண்டாம்.

தனித்தொட்டி என்றேனே, அதை ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் மீன் மேல் சில நாள்தான் இருக்கும். பிறகு உதிர்ந்து மணலில் கூடு கட்டி, வாரக்கணக்கில் கிடந்து, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாய்ப் புறப்படும். புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருக்கும்போது இரண்டாவது அலை வரும். அதற்கு மருந்தான தாமிரம், கல்லிலும் மணலிலும் ஊறிவிடும். பிறகு இறாலோ பவளமோ அங்கே வாழாது. ஒரு 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, பழுத்த பஞ்சு ஃபில்டர், ஒரு பிவிசி குழாய்த் துண்டு மறைவிடத்துக்கு. ஒரு மாதம் அதில் இருந்து தீனி தின்று, மேலில் ஒன்றும் வராமல் இருந்தால் பெரிய தொட்டிக்கு.

பிறகு நடப்பது சலிப்பூட்டும் வேலை. வாரம் பத்து லிட்டர் தண்ணீர் மாற்று, அதாவது அரை கேன், 370 கிராம் உப்பு, முந்தின இரவே கலந்து வைத்தது. முதல் மாதம் தீனி ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. நைட் ஷிஃப்ட் வாரத்தில் நேரம் மாறினாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது, விளக்கை மட்டும் டைமரில் விட்டுவிடுங்கள். எடுத்த பழைய நீரைக் கழிவறையில் கொட்டுங்கள். நன்னீர்த் தொட்டித் தண்ணீரை மாடித் துளசிக்கு ஊற்றியே வளர்த்த பழக்கம் உங்களுக்கு இருக்கும். இந்தத் தண்ணீரை ஊற்றினால் துளசி ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்.